கைவைத்தியம்: கொள்வதும் தள்ளுவதும்

மழைக்காலத்து இரவு. வீட்டில் ஒரு சிறுவனுக்கு மூக்கடைப்பு, விடாத இருமல். பாட்டி எழுந்து அடுப்பை மூட்டுகிறாள். சுக்கைத் தட்டிப் போட்டு, மிளகைப் பொடித்துச் சேர்த்து, ஒரு துண்டு பனைவெல்லத்துடன் கொதிக்க வைத்து இறக்குகிறாள். கஷாயத்தைச் சுடச்சுடக் குடித்த சிறுவன் போர்வைக்குள் சுருண்டு உறங்கிவிடுகிறான். ஒரு வாரத்தில் சளி போய்விடுகிறது. “பார்த்தாயா, கஷாயம் செய்த வேலையை!” என்கிறாள் பாட்டி.

இதைப் போன்ற காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். பல்வலிக்குக் கிராம்பு, வயிற்றுப் பொருமலுக்கு ஓமத் தண்ணீர், மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி, வயிற்றுப்போக்குக்கு உப்பிட்ட கஞ்சி, தீப்புண்ணுக்குப் பேனா மை, பச்சிளங் குழந்தைக்கு உரைமருந்து என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறிய மருத்துவ நூலே வாய்மொழியாக வழங்கி வந்தது. மருத்துவமனை பத்து மைல் தொலைவில் இருந்த காலத்தில், அஞ்சறைப் பெட்டியும் கொல்லைப்புறமும்தான் மருந்துக் கடைகள்.

இந்தக் கைவைத்தியத்தைப் பற்றி இருவேறு கருத்துகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். “முன்னோர்கள் சொன்னது ஒருநாளும் பொய்க்காது” என்பது ஒன்று. “எல்லாம் வெறும் மூடநம்பிக்கை” என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். சோதித்துப் பார்க்காமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். சோதித்துப் பார்த்தால் என்ன தெரியவருகிறது? சில மருந்துகள் உண்மையாகவே பயன் தருகின்றன. சில, பயனோ தீங்கோ இல்லாதவை. சில, குழந்தையின் உயிருக்கே உலை வைப்பவை. இவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தானாகவே ஆறும் நோய்கள்

முதலில் அந்தச் சிறுவனின் சளியை எடுத்துக்கொள்வோம். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறு வகைக்கு மேல் உள்ளன. அவை உடலுக்குள் புகுந்ததும், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் அவற்றுடன் போரிடத் தொடங்குகின்றன. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் உடல் வென்றுவிடுகிறது. கஷாயம் குடித்தாலும் ஒரு வாரம். குடிக்காவிட்டாலும் ஏழு நாள்!

அப்படியானால் கஷாயம் வீணா? அப்படியும் சொல்லிவிட முடியாது. வெந்நீர் தொண்டைக்கு இதமளிக்கிறது. காரம் மூக்கில் நீரை வரவழைத்து அடைப்பைச் சற்றே தளர்த்துகிறது. உடலுக்கு வேண்டிய நீரும் கிடைக்கிறது. தொல்லை குறைந்து பிள்ளை உறங்குகிறான் அல்லவா? அது ஒரு பயன்தான். ஆனால் தொல்லையைக் குறைப்பது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான சில்லறை நோய்கள் தாமாகவே ஆறக்கூடியவை. எனவே நோயின் நடுவில் எதைக் கொடுத்தாலும், குணமான பெருமை கொடுத்த பொருளுக்கே போய்ச் சேரும். “எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது” என்ற சாட்சியம் போதாமல் போவது இதனால்தான்.

உண்மையை அறிய மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். ஒரே நோயுள்ள பலரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு மருந்து. மற்றக் குழுவுக்குப் பார்வைக்கு அதே போன்ற, மருந்துச் சரக்கு இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. அவரைச் சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இறுதியில் கணக்கைப் பார்க்கும்போது, மருந்து உண்ட குழுவில் குணமானவர்கள் தெளிவாக மிகுந்திருந்தால்தான் மருந்துக்கு மதிப்பெண். இதனை ஒப்பீட்டுச் சோதனை என்கிறோம். பாட்டி வைத்தியமோ புதிதாக வந்த ஊசி மருந்தோ, எதுவாயினும் இந்த உரைகல்லில் உரசித்தான் பார்க்க வேண்டும்.

கிராம்பும் தேனும்

சோதனையில் தேறிய இரண்டைப் பார்ப்போம். பல்வலி வந்தால் ஒரு கிராம்பைக் கடித்து வலிக்கும் இடத்தில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்னும் வேதிப்பொருள். வலி என்பது நரம்பின் வழியே மூளைக்குச் செல்லும் ஒரு மின்செய்தி. நரம்பிழையின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் அச்செய்தி நகரும். யூஜினால் அந்த வாயில்களை அடைத்துவிடுவதால் அவ்விடம் மரத்துப் போகிறது. பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடுடன் யூஜினாலைக் குழைத்துச் சொத்தைக் குழியில் தற்காலிகமாக அடைப்பதுண்டு.

ஆனால் வலி அடங்கியதால் சொத்தை மறைந்துவிடுவதில்லை. அது உள்ளே அரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே பல் மருத்துவரிடம் போகும் வரைக்கும் துணை நிற்பதே கிராம்பின் வேலை. மேலும், கிராம்பு எண்ணெய் வேறு, கிராம்பு வேறு. அந்த எண்ணெய் செறிவு மிக்கது. சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் கல்லீரல் கெடக்கூடும். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இருமலுக்குத் தேன் கொடுப்பதும் பழைய வழக்கம். 2007-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். படுக்கப் போகும்முன் தேன் உண்ட பிள்ளைகள், ஒன்றும் உண்ணாத பிள்ளைகளைவிடக் குறைவாக இருமி, நன்றாக உறங்கினார்கள் என்று பெற்றோர் தெரிவித்தார்கள்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இது மிக முக்கியமானது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதையுறைகள் சில வேளைகளில் தேனில் கலந்திருக்கும். தேனின் அடர்த்தியில் அவை முளைக்க முடியாமல் உறங்கிக் கிடக்கின்றன. பெரியவர்களின் குடலிலும் அவை பிழைப்பதில்லை. பச்சிளங் குழந்தையின் குடலிலோ அவை முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் கடும் நஞ்சை உண்டாக்கக்கூடும். குழந்தை பிறந்ததும் சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே பொருள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்மையும் ஐந்து மாதக் குழந்தைக்குத் தீமையும் செய்கிறது. “யாருக்கு, எந்த வயதில்” என்பதும் மருந்தின் ஒரு பகுதியே ஆகும்.

உப்புக் கஞ்சியின் கதை

இனி, கைவைத்தியத்திலேயே மிகப் பெரிய உயிர்காப்பாளன் எது என்று பார்ப்போம். அது அரிய மூலிகை எதுவும் அன்று. சோறு வடித்த கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பு! வயிற்றுப்போக்கு கண்டவருக்கு நம் ஊர்களில் காலங்காலமாகக் கொடுத்து வந்தது இதுதான்.

வயிற்றுப்போக்கில் குழந்தை இறப்பது எதனால்? கிருமி ஒருபுறம் இருக்க, உடலிலுள்ள நீரும் உப்பும் வடிந்து போவதே முதல் காரணம். நாம் குடிக்கும் நீர், உமிழ்நீர், செரிமான நீர்கள் எல்லாம் சேர்ந்து நாள்தோறும் ஏறத்தாழ 8 முதல் 9 லிட்டர் நீர் பெரியவர் ஒருவரின் குடலுக்குள் வருகிறது. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. மலத்துடன் வெளியேறுவது ஒரு தம்ளர் அளவே. இந்த உறிஞ்சும் வேலை கெட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். காலராவில் நிலைமை இன்னும் மோசம். காலராக் கிருமி வெளியிடும் ஒரு நஞ்சு குடற்சுவரிலிருந்தே உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. இந்த நஞ்சு இருப்பதை 1959-இல் கல்கத்தாவில் கண்டறிந்து காட்டியவர் சம்பு நாத் தே என்ற வங்க அறிஞர்.

அந்நாளில் காலராவுக்கு நம்பகமான சிகிச்சை, நரம்பு வழியே உப்புநீரை ஏற்றுவது ஒன்றுதான். வெறும் உப்புநீரை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் அதை ஏற்பதில்லை. போக்கு மிகுவதும் உண்டு. இதனால்தான் போலும், “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்” என்று சொல்லிப் பல வீடுகளில் குழந்தைக்குத் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். கஞ்சி கொடுத்த பாட்டியும் இருந்தாள். தண்ணீரை மறுத்த பாட்டியும் இருந்தாள். எது சரி?

விடை குடலின் உட்சுவரில் ஒளிந்திருந்தது. சோடியம் உப்பையும் குளுக்கோஸ் சர்க்கரையையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு புரதம் அங்கே இருக்கிறது. இரண்டு சாவிகளும் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டகத்தைப் போன்றது அது. உப்பும் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். இரண்டும் உள்ளே நுழைந்தால், அவற்றைத் தொடர்ந்து நீரும் நுழைகிறது. இந்த இணைப்பு முறையை 1960-இல் இராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலார் எடுத்துரைத்தார். இதில் வியப்பு என்னவென்றால், காலரா நஞ்சு குடலைப் பாடாய்ப் படுத்தும்போதுகூட இந்த வாயில் பழுதடைவதில்லை. ஊரெல்லாம் வெள்ளம் சூழ்ந்தபோதும் திறந்திருக்கும் ஒரே பாலம் இது எனலாம்.

இதற்கு முன்பே, 1953-இல், கல்கத்தாவில் எச்.என். சாட்டர்ஜி என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துக் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தியிருந்தார். புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழில் அது வெளியாகியும் இருந்தது. ஆனால் அவரது ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது குழு இல்லை. எனவே மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்டு கேஷ் ஆகிய இளம் மருத்துவர்கள் முறையான சோதனையில் நிறுவிய பிறகே கவனம் திரும்பியது. ஒப்பீட்டுச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளே சான்று.

1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பான்காவ் என்ற எல்லை ஊரில் அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தனர். காலரா பரவியது. நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்து போயின. அங்கே பணியாற்றிய திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். சமையல் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் குடிநீரில் கலந்து பெரிய பீப்பாய்களில் வைத்தார். நோயாளியின் உறவினரே குவளையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார். முகாமில் நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு, இந்த நீரைப் பெற்றவர்களிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. மருந்துக் கடையில் மட்டும் கிடைத்த சிகிச்சை, தாயின் கைக்கு வந்துவிட்டது.

பாட்டியின் கஞ்சியில் குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அரிசியின் மாவுச்சத்து என்பது நூற்றுக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. குடலிலுள்ள நொதிகள் அந்த மாலையை அறுத்து, மணிகளை ஒவ்வொன்றாக உதிர்க்கின்றன. உதிர்ந்த குளுக்கோஸ் உப்புடன் சேர்ந்து உள்ளே செல்கிறது. இதில் மற்றொரு வசதியும் உண்டு. சர்க்கரையை அளவு மீறிப் போட்டால், அந்தச் செறிவு குடற்சுவரிலிருந்து நீரை வெளியே இழுத்துப் போக்கை மிகுவிக்கும். இதுவே சவ்வூடு பரவல். இனிப்பு மிகுந்த குளிர்பானங்களைப் பேதியின்போது கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். கோத்த மாலையாக இருக்கும் மாவுச்சத்துக்கோ இந்த இழுக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அரிசி மாவால் செய்த உப்புக் கரைசலை 1980-களின் தொடக்கத்திலேயே டாக்காவில் சோதித்தார்கள். காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் கரைசலைவிட இதனால் போக்கின் அளவு குறைவது பின்னர் வந்த பல ஆய்வுகளில் உறுதியாயிற்று.

ஆக, கஞ்சி கொடுத்த பாட்டி வென்றாள். தண்ணீரை மறுத்த பாட்டி தோற்றாள். இருவருமே முன்னோர்கள்தாம்!

கைப்பிடி அளவும் கரண்டி அளவும்

பாட்டியின் கஞ்சியில் ஒரு குறை உண்டு. அது அளவு. ஒருவர் சிட்டிகை மற்றவர் சிட்டிகையைப் போல் இருப்பதில்லை. உப்பு குறைந்தால் பயன் குறையும். உப்பு மிகுந்தாலோ கைக்குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பே வந்துவிடலாம்.

வங்காளதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சொல்லிவிட்டு வந்துவிடவில்லை, அவர்கள் கலந்த நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அளவு சரிதானா என்றும் பார்த்தார்கள். ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்கு மேல் இந்தப் பாடம் சென்றது. கைவைத்தியத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த நல்ல திருமணம் இது.

இன்று மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தி அமைத்த அளவுப்படி ஆனது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். பொட்டலம் கிடைக்காத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை என்று கலந்து கொடுக்கலாம். கலந்து வாயில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பிட்ட கஞ்சியும் தொடரலாம். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. 2004 முதல், பத்து முதல் பதினான்கு நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

குழந்தையின் கண்கள் குழிவிழுந்தாலோ, நாக்கு வறண்டாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லவே பழைய நிலைக்குத் திரும்பினாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். உச்சிக்குழி பதிந்துவிட்டது என்று அதில் எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. குழி பதிவது நோய் அன்று. உடலில் நீர் வற்றிவிட்டதற்கான அறிவிப்பு. எண்ணெய் தலைக்கு மேல் இருக்கும். நீர் உடலுக்குள் போக வேண்டுமே!

கீழாநெல்லி கற்பித்த பாடம்

அடுத்து மஞ்சள் காமாலை. காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அன்று; ஓர் அறிகுறி. பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளைக் கல்லீரலால் வெளியேற்ற முடியாதபோது கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகின்றன. அசுத்தமான குடிநீரால் வரும் ‘ஏ’ வகை வைரஸ் காமாலையில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். அந்த வாரங்களில் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தால் வெற்றி கீழாநெல்லிக்கே போகும். ஆனால் ‘பி’ வகை வைரஸ் அப்படிப்பட்டதன்று. சிலருடைய உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடும். பித்தநீர்க் குழாயில் கல் அடைத்தாலும் காமாலை வரும். அதற்கு எந்த இலையும் உதவாது.

கீழாநெல்லியை அறிவியல் புறக்கணித்ததாகச் சிலர் குறைபட்டுக்கொள்வார்கள். உண்மை வேறு. சென்னையில் எஸ்.பி. தியாகராசன் குழுவினர் கீழாநெல்லிப் பொடியை ‘பி’ வைரஸ் தங்கியவர்களிடம் ஒப்பீட்டு முறையில் சோதித்து, 1988-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டனர். அந்த வைரசைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்கும் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து வைரசின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது.

உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்து உட்படப் பல நாடுகளில் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ஆனால் அந்த வெற்றி மீண்டும் கிட்டவில்லை. சிறு எண்ணிக்கையில் கிடைத்த ஒரு நல்ல முடிவு, பெரிய எண்ணிக்கையிலும் பிற ஊர்களிலும் நிற்க வேண்டும் என்பது அறிவியலின் நியதி. இதில் யாருக்கும் அவமானமில்லை. நம் கொல்லைப்புறத்துச் செடிக்கு மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நேர்மையான விசாரணை கிடைத்தது. குற்றச்சாட்டும் இல்லை, பட்டமும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. காமாலை கண்டால் முதலில் செய்ய வேண்டியது இரத்தச் சோதனை. ‘பி’ வைரஸ் வராமல் தடுக்கும் ஊசி இப்போது குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே போடப்படுகிறது.

கைவிட வேண்டியவை

சில வழக்கங்களை அன்போடும் உறுதியோடும் விட்டுவிட வேண்டும். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர். அதைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். கையில் வளையலாகவும் கட்டுவார்கள். நம் நாட்டு வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் மிகுதி. எலிகளில் அது புற்று உண்டாக்கியதைக் கண்டு, அமெரிக்கா 1968-இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. பெயரைப் பார்த்து மருந்தை மதிப்பிடக் கூடாது.

தொப்புள்கொடியில் சாம்பலோ சாணமோ வைப்பது ஜன்னியை அழைப்பதாகும். டெட்டனஸ் கிருமியின் விதையுறைகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. தாய்மார்களுக்குத் தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் பரவியதால் 2015-இல் இந்தியா பச்சிளங் குழந்தை டெட்டனசை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. தொப்புளை உலர்வாக வைத்தாலே போதும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் ஆபத்து. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமி வெளியேற்ற முடியாத ஒருவகை நிமோனியா உண்டாகும்.

தீப்புண்ணுக்குப் பேனா மை, தோசை மாவு, பற்பசை என்று எத்தனை பூச்சுகள்! இவை எதுவும் சூட்டைத் தணிப்பதில்லை. தோல் வெந்த பிறகும் அடியிலுள்ள சூடு மேலும் மேலும் உள்ளே செல்கிறது. அதை எடுப்பதற்குக் குழாய் நீரே சிறந்தது. இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுங்கள்; பனிக்கட்டி வேண்டாம். மை பூசினால் புண்ணின் ஆழம் மருத்துவருக்குத் தெரியாமல் போய்விடும்.

மூன்று கேள்விகள்

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து அவர்களுக்குத் தெரிந்த கைவைத்தியங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நோய்க்கு, எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வயதினருக்கு என்று தனித்தனியே குறியுங்கள். அவர்கள் சொல்வதைக் கேலி செய்யாதீர்கள். மருத்துவரே இல்லாத ஊரில், கண்விழித்துப் பிள்ளைகளைக் காத்தவர்கள் அவர்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதுங்கள். இந்த நோய் தானாகவே ஆறக்கூடியதா? இந்த மருந்தை ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்களா? இதைக் கொடுப்பதாலோ, இதை நம்பி மருத்துவரிடம் போகத் தாமதிப்பதாலோ தீங்கு நேருமா? விடை தெரியாதவற்றை உங்கள் ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை வந்தால், மற்ற இரண்டைப் பார்க்கவே தேவையில்லை, அதை அடித்துவிடுங்கள்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் உப்புக் கஞ்சி இருக்கட்டும். அதன் அருகிலேயே, ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி என்ற அளவையும் எழுதி வையுங்கள். நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பேதி கண்டால், எடுத்துப் பார்க்க உதவும்.